கேஜன், சைடெகோ பாட்டுகளில் ஒளிந்திருப்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூசியானாவின் பழைய பிரெஞ்சுப் பாட்டுகளைக் கேட்க ஆரம்பிக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகங்கள் வந்துவிடும். மெட்டு துள்ளுகிறது, ஆனால் பாடுகிறவர் அழுகிற மாதிரி இருக்கிறதே? பீன்ஸில் உப்பு இல்லை என்று ஏன் ஒருவர் கத்திப் பாட வேண்டும்? நானும் வருஷக்கணக்காக இதையெல்லாம் கேட்டுத் திரிந்தவன் என்பதால், தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேஜனும் சைடெகோவும் ஒன்றா, வேறா?

பக்கத்துப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலி உண்டு, ஆனால் அதில் நிறையப் பேர் போய்வந்த வழியும் உண்டு.

இரண்டும் அமெரிக்காவின் தென்மேற்கு லூசியானாவில் பிறந்தவை. லஃபாயெட், யூனிஸ், மமூ, ஓபலூசஸ் போன்ற ஊர்கள், நெல் வயல்கள், சதுப்பு நிலம். கேஜன்கள் வெள்ளையர். அவர்களுடைய முன்னோர் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் குடியிருந்த பிரெஞ்சு விவசாயிகள். 1755-இல் ஆங்கிலேயர்கள் அவர்களை வீட்டைக் கொளுத்தி, குடும்பத்தைப் பிரித்து, கப்பலேற்றி விரட்டினார்கள். அதில் ஒரு பகுதியினர் 1760-களில் லூசியானா வந்து சேர்ந்தார்கள், பிரான்சுக்குப் போயிருந்தவர்களில் பலர் 1785-இல் ஏழு கப்பல்களில் வந்தார்கள். 'அகேடியன்' என்ற பெயர்தான் வாயில் தேய்ந்து 'கேஜன்' ஆனது.

சைடெகோ அதே மண்ணில் பிரெஞ்சு பேசிய கருப்பின கிரியோல் மக்களுடையது. வீட்டு நடனங்களில் வாசித்த 'லா லா' என்ற பழைய இசையோடு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கருப்பின மக்களின் இசையும் கலந்தபோது வந்த வடிவம் அது. மார்பில் மாட்டிக்கொண்டு கரண்டியாலோ பாட்டில் திறப்பானாலோ தேய்க்கிற தகரக் கவசம் ஒன்று பார்த்திருப்பீர்கள், 'ஃப்ரோத்வார்' என்பார்கள். துணி துவைக்கிற பலகையிலிருந்து வந்தது அது. சைடெகோவின் பெரும் கலைஞரான கிளிஃப்டன் ஷெனியேயும் அவர் அண்ணன் கிளீவ்லேண்டும் 1946-இல், டெக்சஸ் எண்ணெய் ஆலையில் கூட வேலை பார்த்த ஒரு தகர வேலைக்காரரிடம் சொல்லி அதை இப்போதைய வடிவில் செய்ய வைத்தார்கள்.

'சைடெகோ' என்றால் பீன்ஸ் என்பது உண்மையா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 'லே ஸாரிக்கோ சோம் பா சாலே' என்பது வாக்கியம். 'பீன்ஸில் உப்பு இல்லை' என்று நேர்ப்பொருள். 'லே ஸாரிக்கோ' வேகமாகச் சொல்லச் சொல்ல 'சைடெகோ' ஆகிவிட்டது. சில ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் ஆட்டத்தையும் இசையையும் குறிக்கிற இதே போன்ற ஒலியுள்ள சொற்களைக் காட்டி, பெயரின் வேர் அங்கேயும் இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆப்பிரிக்கச் சொல் ஒன்று பிரெஞ்சுச் சொல்லின் உடுப்பைப் போட்டுக்கொள்வது லூசியானாவில் புதிதில்லை, கீழே வருகிற 'கோலிண்டா' பாட்டைப் பாருங்கள்.

ஆனால் உப்பு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் அதுதான் முக்கியம். பானையில் பீன்ஸ் வேகும்போது ஒரு துண்டு உப்புக் கண்டம், அதாவது உப்பு போட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி, போடுவது வழக்கம். உப்பும் கொழுப்பும் ருசியும் அதிலிருந்துதான் இறங்கும். பீன்ஸில் உப்பு இல்லை என்றால் வீட்டில் இறைச்சி வாங்கக் காசில்லை என்று அர்த்தம். கூடி நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். யாரும் 'நான் ஏழை' என்று பாடவில்லை. பானையைத் திறந்து காட்டினார்கள், அவ்வளவுதான்.

1934-இல் நாட்டுப் பாடல்களைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் லூசியானாவில் பதிவு செய்த ஒரு பாட்டில் ஜிம்மி பீட்டர்ஸ் என்பவரும் அவர் குழுவும் பாடுகிறார்கள்: சேணத்து முனையில் சாராய ஜாடியை மாட்டிக்கொண்டு நாடெல்லாம் சுற்றினேன், உன் அப்பாவிடம் பதினெட்டு டாலர் கேட்டேன், ஐந்துதான் கொடுத்தார். உடனே அடுத்து வருகிறது, பீன்ஸில் உப்பு இல்லை. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. குதிரை, ஜாடி, கடன், பானை. அதற்குள் ஒரு மனுஷன் முழுசாகத் தெரிகிறான். ஷெனியே 1965-இல் இந்த வரியைத் தலைப்பாக வைத்துப் பதிவு செய்த பிறகுதான் இசைக்கே இந்தப் பெயர் நிலைத்தது.

அந்த 1934 பதிவில் வாத்தியமே இல்லையே, ஏன்?

அது 'ஜுரே'. கைதட்டலும் காலால் தரையை உதைப்பதும் மட்டும்தான் தாளம். விபூதிப் புதனுக்குப் பிறகு தவக்காலம், அந்த நாற்பது நாளும் அக்கார்டியனைத் தொடக் கூடாது, ஃபிடில், அதாவது வயலின், வாசிக்கக் கூடாது, ஆடக் கூடாது என்பது கத்தோலிக்க ஊர்களில் கட்டுப்பாடு. சரி, வாத்தியம்தானே கூடாது, கையும் காலும் இருக்கிறதே! 'ஜுரே' என்ற சொல்லே சத்தியம் செய்வது, சாட்சி சொல்வது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வருகிறது. ஜெபம் போல ஆரம்பிக்கும், போகப் போகக் கடனும் காதலும் பீன்ஸும் உள்ளே வந்துவிடும். சைடெகோ தாளத்தின் வேரை நிறையப் பேர் இங்கேதான் காண்கிறார்கள், நானும் அப்படியே நம்புகிறேன்.

தவக்காலத்தில் ஆடினால் ஓநாய் மனிதனாகிவிடுவார்கள் என்கிறார்களே?

அது 'ரூகரூ'. பிரான்சின் 'லூ கரூ', அதாவது ஓநாய் மனிதன் கதை, கனடா வழியாகவும் நேராகவும் வந்து சதுப்பு நிலத்தில் குடியேறியது. ஏழு வருஷம் தொடர்ந்து தவக்கால விரதத்தைக் காக்காதவன் ரூகரூ ஆகிவிடுவான் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். அதைத் தடுக்க ஒரு வழியும் சொல்வார்கள்: வாசலில் பதின்மூன்று சின்னப் பொருள்களை வைத்துவிட வேண்டும். ரூகரூவுக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ண வராது, விடிகிற வரைக்கும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

கூடவே இன்னும் இரண்டு பேர் உண்டு. சதுப்பில் ராத்திரி மினுங்குகிற 'ஃபூ ஃபொலே', நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்போமே அது. அங்கே ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளின் ஆவி என்பார்கள், பின்னால் போனால் வழி தப்பும். அப்புறம் தூங்கும்போது நெஞ்சில் ஏறி அமுக்குகிற 'கோஷ்மார்', நாம் அமுக்குவான் பேய் என்கிறோம்.

அப்படியானால் பாட்டுகளில் இந்தப் பேய்கள் எங்கே வருகின்றன?

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பெரும்பாலும் வருவதில்லை! ரூகரூவும் ஃபூ ஃபொலேயும் இரவில் தாத்தா பாட்டி சொல்கிற கதைகளில் வாழ்கிறவர்கள், பழைய நடனப் பாட்டுகளில் அவர்களைத் தேடினால் கிடைப்பது ரொம்பக் குறைவு. பிற்காலத்தில் எழுதிய பாட்டுகளில் வருவார்கள், சுற்றுலாவுக்கும் அது வசதி. பழைய பாட்டுகளில் இருக்கிற நம்பிக்கை வேறு வகை. மரணம், நரகம், தேவாலய நாட்காட்டி, அம்மாவின் ஜெபம். 'லே ஃப்ளாம் தான்ஃபேர்', அதாவது நரகத்துத் தீ, என்று ஒரு பாட்டு உண்டு, ஆஸ்டின் பீத்ர் பாடியது ரொம்பப் பிரபலம். நான் நரகத்தீக்குத் தீர்ப்பிடப்பட்டவன், அம்மா எனக்காக ஜெபம் பண்ணு என்று கெஞ்சுகிறான். எல்லோரும் அதற்கு வேகமாக ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்கப் போகிற பிரசங்கத்தைச் சனிக்கிழமை ராத்திரியே ஆடித் தீர்ப்பது போல எனக்குத் தோன்றும்.

மந்திரித்துக் குணப்படுத்துபவர்களின் பாட்டு ஏதாவது உண்டா?

அவர்களை 'த்ரேத்தர்' என்பார்கள். மரு, வெயில் தாக்கு, குழந்தைக்குப் பல் முளைக்கிற வலி எல்லாவற்றுக்கும் ஜெபம் சொல்லிப் பார்ப்பார்கள். கூலி கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு நன்றியும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. அந்த ஜெபம் வாய்க்குள் முணுமுணுக்கிற ரகசியம், மேடையில் பாடுகிற விஷயமே இல்லை.

'ழே பாசே தெவான் தா போர்த்' பாட்டில் கடைசியில் என்னதான் நடக்கிறது?

தலைப்புக்கு 'உன் வாசலைக் கடந்து போனேன்' என்று பொருள். எனக்கு எல்லாப் பாட்டையும் விட நெருக்கமானது இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒருவன் காதலியின் வீட்டு வழியாகப் போகிறான். வாசலில் நின்று குரல் கொடுக்கிறான். பதில் இல்லை. ஐயோ, மனசு வலிக்கிறதே என்கிறான். இதுவரைக்கும் கேட்டால் பிணக்கு, கோபித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்போம். பிறகு உற்றுப் பார்க்கிறான். மெழுகுவர்த்திகள் எரிவதைப் பார்க்கிறான். அவளுடைய சவப்பெட்டியைச் சுற்றிலும்.

'இறந்துவிட்டாள்' என்ற சொல் தேவைப்படவே இல்லை. அந்தக் காலத்துக் கேஜன் வீடுகளில் பிணத்தை ராத்திரி முழுக்க வீட்டின் முன்னறையிலேயே வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அக்கம்பக்கத்தார் ஜெபமாலை சொல்லிக்கொண்டு விழித்திருப்பார்கள். உயிர் போன நேரத்தில் கடிகாரத்தை நிறுத்துவதும் கண்ணாடியை மூடுவதும் வழக்கம். ஆக, வீட்டுக்குள் வெளிச்சத்தைப் பார்த்ததுமே கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும், அவனுக்குத்தான் ஒரு கணம் தாமதமாகப் புரிகிறது. இன்றைக்கு அதைக் கேட்கிறவருக்கு மெழுகுவர்த்தி என்றால் பிறந்தநாள்தான் ஞாபகம் வரும், அதனால் 'மறைபொருள்' ஆகிவிட்டது. பாட்டு எதையும் மறைக்கவில்லை. அந்த முன்னறை காணாமல் போய்விட்டது.

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் வருகிற முக்கால்வாசிப் பாட்டுகளுக்கும் இதுவே பதில். ரகசியச் சங்கேதம் என்று தேடுவதை விட, அந்த வீட்டில் என்ன இருந்தது, என்ன சமைத்தார்கள், எந்த மாதத்தில் பாடினார்கள் என்று கேட்டால் பாட்டு தானாகத் திறக்கும்.

மார்தி க்ரா பாட்டு கொண்டாட்டப் பாட்டுதானே, ஏன் இவ்வளவு சோகமான மெட்டு?

நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் குழப்பம்தான் வரும். இது கிராமத்து 'கூரிர்', அதாவது ஓட்டம். மார்தி க்ரா அன்று, அதாவது தவக்காலத்துக்கு முந்தைய நாள் காலையில், முகமூடி, கூம்புத் தொப்பி, ஒட்டுத்துணி உடுப்பு போட்டவர்கள் குதிரையிலும் வண்டியிலும் வீடு வீடாகப் போவார்கள். முன்னால் முகமூடி இல்லாத கேப்டன், கையில் வெள்ளைக் கொடி. அவர் வீட்டுக்காரரிடம் போய் இந்தக் கூட்டத்தை உள்ளே விடலாமா என்று கேட்பார். சம்மதம் கிடைத்துக் கொடியை அசைத்த பிறகுதான் மற்றவர்கள் வாசலுக்கு வர முடியும். பாடுவார்கள், ஆடுவார்கள், கெஞ்சுவார்கள். வீட்டுக்காரர் ஒரு கோழியை வானத்தில் எறிவார், முகமூடிக்காரர்கள் சேற்றில் விழுந்து புரண்டு அதைப் பிடிப்பார்கள். சாயங்காலம் எல்லாக் கோழியும் அரிசியும் சேர்ந்து ஊர்ப் பொது 'கம்போ' குழம்பாகிவிடும்.

பாட்டு அந்தப் பிச்சையைத்தான் சொல்கிறது. வருஷத்தில் ஒரு தடவைதான் வருகிறோம், தர்மம் கேட்கிறோம், ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கோ வறுத்த கொழுப்புத் துண்டோ இருந்தாலும் போதும். மத்திய காலப் பிரான்சில் குளிர்காலத்தின் முடிவில் ஏழைகள் பாடிக்கொண்டே வீடு வீடாகக் கேட்டுப் போன சடங்குகளின் தொடர்ச்சி இது. மெட்டும் அந்தப் பழமையின் வாடையோடு இருக்கிறது.

அதில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'எல்லாத் திசையிலிருந்தும் வருகிறோம், சக்கரத்துக் குடத்தைச் சுற்றி' என்று வரும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடம். ஊர் நடுவில் குடம், ஒவ்வொரு பாதையும் ஓர் ஆரக்கால், அன்றைக்கு ஒரு நாள் முழுச் சக்கரத்தையும் சுற்றி வருகிறார்கள். இதை விளக்கிச் சொல்லாவிட்டால் யாரும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

நள்ளிரவு மணி அடித்தால் எல்லாம் முடிந்தது. விபூதிப் புதன்.

'ஜோலி ப்ளோன்' பாட்டில் வரும் பெண்ணுக்குப் பொன்னிறத் தலைமுடியா?

அவசியமில்லை. 'ப்ளோன்' என்றால் காதலி என்ற வழக்கு பிரெஞ்சு கனடாவில் இன்றைக்கும் இருக்கிறது, தலைமுடி எந்த நிறமாக இருந்தாலும் சரி. 1929-இல் ப்ரோ குடும்பத்துச் சகோதரர்கள் சகோதரி கிளியோமாவோடு சேர்ந்து பதிவு செய்தபோது தலைப்பே 'என் ப்ளோன் போய்விட்டாள்' என்றுதான் இருந்தது. 1946-இல் ஹாரி ஷோட்ஸ் ஃபிடிலில் வாசித்த பதிவு பெரிய வெற்றி பெற்று ஊர் தாண்டிப் போனது, அதோடு தலைமுடியும் பொன்னிறம் ஆகிவிட்டது.

வேறு எந்தச் சொற்கள் இப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன?

'கத்தேன்' என்று காதலியைக் கூப்பிடுவார்கள். பிரான்சில் அது வசைச் சொல், விலைமாதைக் குறிக்கும். லூசியானாவில் பொம்மை, செல்லம். பாரிஸ்காரர் ஒருவர் அகராதியோடு கேட்டால் பாட்டே தலைகீழாகிவிடும். 'தி மோந்த்' என்றால் குட்டி உலகம், அதுவும் காதலிதான். 'மாலெரேஸ்', பாவப்பட்டவளே என்று திட்டுவது போல இருக்கும், திட்டும் கொஞ்சலும் ஒரே மூச்சில். 'கனாய்' என்றால் குறும்பு. கேஜன் இசையின் முதல் பதிவாகிய 1928-ஆம் வருஷத்து 'அலோன் ஆ லஃபாயெட்'டில், ஜோ ஃபால்கன் பெண்ணை லஃபாயெட்டுக்குக் கூட்டிப் போய்ப் பேரை மாற்றி 'மேடம் கனாய்' என்று கூப்பிடுவதாகப் பாடுவது இந்தக் குறும்புதான்.

'ஃபே தோதோ' என்றால் நடன விருந்து, நேர்ப்பொருள் 'தூங்கு கண்ணே'. நடன மண்டபத்தில் ஒரு பக்க அறையில் குழந்தைகளைப் படுக்க வைத்துவிட்டுத்தான் பெற்றோர் ஆட வருவார்கள்.

'கோலிண்டா' யார்?

யாருமில்லை! பாட்டில் அவள் ஒரு பெண். அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் வா ஆடலாம் கோலிண்டா, ஒட்டி ஆடலாம், கிழவிகளுக்குக் கோபம் வரட்டும் என்று பாடுவார்கள். ஆனால் 'கலிண்டா' என்பது கரீபியத் தீவுகளிலும் லூசியானாவிலும் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் முரசோடு ஆடிய ஆட்டத்தின் பெயர். டிரினிடாடில் சிலம்பம் போன்ற கம்புச் சண்டைக்கு அதே பெயர். 1758-இல் வெளியான தன் லூசியானா வரலாற்றில் லெ பாஜ் து ப்ராட்ஸ், அடிமைகள் கூட்டமாகக் கூடி இந்தக் கலிண்டா ஆடுவதை அனுமதிப்பது ஆபத்து என்று தோட்ட முதலாளிகளை எச்சரிக்கிறார். இரண்டு நூற்றாண்டு கழித்து அந்த ஆட்டம் ஒரு பெண்ணின் பெயராகி, வெள்ளைக் கேஜன் இசைக்குழுக்களின் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. தடுக்கப்பட்டது, பெரியவர்களுக்குப் பிடிக்காதது என்ற அந்த ஒரு நினைவு மட்டும் போகவில்லை. கிழவிகளின் கோபத்தில் அது இருக்கிறது.

'இப் எ தாயோ' திருடர்களைப் பற்றிய சங்கேதப் பாட்டா?

என் சறுக்கு வண்டியைத் திருடியது இப்பும் தாயோவும், நான் சூடாகிவிட்டேன் என்று பார்த்ததும் திருப்பிக் கொண்டுவந்தார்கள், இதுதான் பாட்டு. 'தாயோ' என்றால் வேட்டை நாய். இரண்டு நாய்கள் சாமானை இழுத்துக்கொண்டு போன வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். நாய்ப் பேர் வைத்து இரண்டு பேரைக் கிண்டல் செய்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் சங்கேதம் தேட வேண்டாம். ஆனால் ஷெனியேயின் சைடெகோ பாட்டுக்குள்ளும் இதே இரண்டு பேரும் வருகிறார்கள், வேலி தாண்டிய வழி என்று முதலில் சொன்னேனே, அதற்குச் சரியான சாட்சி.

அமெதே ஆர்துவானின் பாட்டில் சாபம் இருக்கிறது என்கிறார்களே?

சாபம் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, நடந்தது அதை விடக் கொடுமை. ஆர்துவான் கருப்பின கிரியோல், குள்ளமான ஆள், அக்கார்டியனில் அவருக்கு இணை இல்லை. குரல் கெடாமல் இருக்கச் சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார் என்பார்கள். வெள்ளைக்காரரான டென்னிஸ் மெக்கீ ஃபிடில் வாசிக்க, 1929-இல் பதிவு செய்ய ஆரம்பித்தார். 1934 வரைக்கும் மொத்தம் 34 பாட்டுகள். கேஜன், சைடெகோ இரண்டுக்கும் அஸ்திவாரம் அந்த 34-தான்.

வெள்ளையர் வீட்டு நடனம் ஒன்றில் வியர்த்துக் கொட்டியபோது, அந்த வீட்டுப் பெண் ஒருத்தி தன் கைக்குட்டையைக் கொடுத்தாள், அதைப் பொறுக்காத சில ஆண்கள் திரும்பிப் போகிற வழியில் அவரை அடித்து நொறுக்கினார்கள் என்று கேன்ரே ஃபோன்தெனோ போன்ற அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் சொல்லி வந்தார்கள். பொறாமை பிடித்த ஒரு வாத்தியக்காரர் விஷம் வைத்தார் என்று மெக்கீ சொன்னார். 1942 நவம்பரில் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார், கல்லறைக்கு அடையாளம் இல்லை.

அவர் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது 'நான் அனாதை, போக இடமில்லை' என்பது. வெள்ளையரும் இதே வரியைப் பாடினார்கள், பெண் கிடைக்கவில்லை, அதனால் அனாதை என்ற பொருளில். ஒரு கருப்பர், ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து வெள்ளையர் நடனத்துக்கு வாசித்த காலத்தில், அதே சொற்களைப் பாடும்போது எடை வேறாகிவிடுகிறது. முதலாளி கேட்டால் காதல் பாட்டு. பின்னால் நிற்கிற சமையல்காரம்மா கேட்டால் வேறு. இந்தப் பக்கத்தில் உண்மையிலேயே 'இரட்டைப் பொருள்' என்று சொல்லத் தகுந்தது இதுதான் என்பது என் எண்ணம்.

வூடூ, கிரி கிரி?

கிரி கிரி என்ற மாந்திரீகப் பேச்சு கிராமங்களிலும் உண்டு. ஆனால் படங்களில் காட்டுகிற வூடூ ராணி, எலும்புக்கூடு எல்லாம் நியூ ஆர்லியன்ஸ் கதை. லஃபாயெட்டிலிருந்து அது காரில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

அந்த ஊர்க்காரர்களுக்கே இப்போது பொருள் தெரியவில்லை என்பது நிஜமா?

நிறையப் பேருக்கு. 1921-இல் மாநில அரசியல் சாசனம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும் என்று ஆக்கியது. பிரெஞ்சு பேசிய குழந்தைகளுக்கு அடி, முழங்கால் தண்டனை, 'இனி பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று நூறு தடவை எழுதுவது. அவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினார்கள். பிரெஞ்சை மீட்க மாநில அமைப்பு 1968-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மொழி தெரியாத பேரப்பிள்ளைகளும் பாட்டை மட்டும் ஒலியாகப் பாடம் பண்ணி வைத்திருந்தார்கள்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலில் 1934-இன் அந்த ஜுரே. பிறகு ஷெனியேயின் 1965 பதிவு, உப்பில்லாத அதே பீன்ஸ். அடுத்து ஆர்துவானின் 'யூனிஸ் டூ ஸ்டெப்'. கடைசியாக பால்ஃபா சகோதரர்கள் பாடிய 'ழே பாசே தெவான் தா போர்த்', முடிந்தால் ராத்திரியில், விளக்கைக் குறைத்து வைத்துவிட்டு.